ஒன்பதே காலுக்குச் சாத்தும் பள்ளிக் கேட்டு

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன், அம்மா. புதிதாக வந்த தலைமையாசிரியர் காலை ஒன்பதே காலுக்கு கேட்டைச் சாத்திவிடுகிறார், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் வாரத்தில் இரண்டு நாள் லேட்டாகப் போய் முதல் பீரியட் முடியும்வரை வெளியே நிற்கிறான். முடி நீளமாக இருக்கிறதென்று இரண்டு தடவை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒருநாள் வகுப்பாசிரியர் எல்லோர் முன்னாலும் "நீ வலை இழுக்கத்தான் லாயக்கு" என்று சொல்லியிருக்கிறார். இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டா, புகார் கொடுக்கலாமா, ராமநாதபுரத்தில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "வாத்தியார் கண்டிச்சாத்தான் புள்ளை உருப்படும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு மட்டும் மனசு கேக்கல" என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். இந்தக் கண்டிப்பு பிள்ளையைக் கரையேற்றுமா, இல்லை கடலுக்குள்ளேயே தள்ளிவிடுமா என்பதுதான் உங்கள் பயம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 34 வருடம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். கணக்கு வாத்தியாராகத் தொடங்கி, கடைசி 9 வருடம் தலைமையாசிரியர். நடுவில் கொஞ்ச நாள் பரமக்குடிப் பக்கம் போனதைத் தவிர மற்றதெல்லாம் கடற்கரைதான், வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே சாயல்குடி வரை. அந்தக் காலத்தில் அதிகாரிகள் பிடிக்காதவர்களை "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவார்கள். அந்தக் காடு நம் ராமநாதபுரம் மாவட்டம்தான். நான் இங்கேயே பிறந்தவன், என்னை எங்கே மாற்றுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை! நான் வக்கீல் இல்லை. உங்கள் மகனைப் பார்த்ததில்லை, அந்தத் தலைமையாசிரியர் பக்கத்து நியாயத்தையும் கேட்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் லேட் என்கிறீர்கள், எந்த இரண்டு நாள் என்று எழுதவில்லை. உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: செவ்வாய், வியாழன். நம் பக்கம் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள், மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள் காலை அனுமதி டோக்கன் வாங்கிப் போகிற படகு செவ்வாய் காலையில் கரைக்கு வரும். வந்ததும் மீன் இறக்க வேண்டும், ரகம் பிரிக்க வேண்டும், இறாலைத் தனியே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பதினாலு வயதுப் பையனின் கை பெரிய உதவி. புதன் போகிற படகு வியாழன் வரும். சனிக்கிழமைப் படகு ஞாயிறு வருவதால் அது பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. இது முழுவதும் வருகைப் பதிவேட்டிலேயே எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தால். உள்நாட்டிலிருந்து மாறுதலில் வந்த ஆசிரியர் அதைப் பார்த்து "பொறுப்பில்லாத பையன்" என்று முடிவு கட்டுவார். கடற்கரைக்காரன் பார்த்தால் படகு வந்த நாள் என்பான். உங்கள் பள்ளிக்கு வந்திருப்பவர் புதியவர். அவரிடம் இதை யாராவது சொன்னார்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

எனக்கு இது தெரிந்திருந்தும் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. 1990-களின் நடுவில், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கேட்டுப் பொறுப்பு என்னுடையது. கையில் பிரம்பு இருக்கும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தொடர்ந்து லேட். வரும்போது முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருக்கும், கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருப்பான். ஓடி வந்திருக்கிறான் என்பது இன்றைக்கு என் கண்ணுக்குப் படுகிறது. அன்றைக்குப் பட்டதெல்லாம் கடிகாரம். மூன்றாவது தடவை, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ளே" என்றேன். அவன் மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டோம். ஏறக்குறைய பதினைந்து வருடம் கழித்து மீன் இறங்குதளத்தில் அவனைப் பார்த்தேன், படகு டிரைவராகியிருந்தான். என்னை அடையாளம் கண்டு ஓடி வந்து, ஒரு பை நிறைய மீனைக் கையில் திணித்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றான். பக்கத்தில் நின்ற தன் மகனை இழுத்து, "சாருக்கு வணக்கம் சொல்லுடா" என்றவன், என்னிடம், "இவனையும் ஒங்ககிட்டதான் சேக்கப் போறேன் சார், நல்லா அடிச்சு வளங்க" என்றான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைப் படித்ததும் எனக்கு அவன் முகம்தான் வந்தது.

டவுனில் ஒரு பையனை கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் அவன் பெட்டிக்கடையில் நிற்பான், ஒரு பீரியட் போனதும் உள்ளே வருவான். நம் கரையில் அப்படி இல்லை. நடந்து போகும் தூரத்தில் அவனுக்கு வேலை காத்திருக்கிறது, கையோடு கூலியும் கிடைக்கும். பள்ளிக்கூடம் "வெளியே நில்" என்கிறது, கடற்கரை "வாடா" என்கிறது. பதினாலு வயதில் எந்தப் பக்கம் போவான்? இவ்வளவு வருடத்தில் ஒரு பள்ளி விதியைப் பார்த்தால் நான் கேட்டுக்கொள்ளக் கற்றது ஒரே கேள்விதான்: இது பிள்ளையை உள்ளே வைத்திருக்கிறதா, வெளியே அனுப்புகிறதா? எவ்வளவு கடுமையாக இருந்தாலும் உள்ளே வைத்திருக்கிற விதியோடு எனக்குச் சண்டை இல்லை. வெளியே அனுப்புகிற விதி எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும் அது நம் ஊருக்கு ஆகாது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். அடி என்பதில் சந்தேகமே இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனதைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறுகிற ஆசிரியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும், அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தானே, என் பையன் ஒன்பதாவது ஆயிற்றே என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003-இல், மாநிலக் கல்வி விதிகளைத் திருத்தி பிரம்படிக்கு இருந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களை எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கல்வித் துறைக்கு உத்தரவிட்டது. உங்களுக்கு வேண்டியது அந்த வழிகாட்டுதல்களில் இருக்கிறது. அடிப்பதை மட்டும் அவை தண்டனையாகச் சொல்லவில்லை. முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் நிற்க வைப்பது எல்லாம் அதில் வரும். பிள்ளையின் சாதியையோ குடும்பப் பின்னணியையோ பெற்றோர் செய்யும் தொழிலையோ சொல்லி இழிவுபடுத்துவது மனத்துன்புறுத்தல் என்று தெளிவாக இருக்கிறது. ஆகவே நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும் மிகப் பெரிய தப்பு அந்த "வலை இழுக்கத்தான் லாயக்கு"தான். கேட்டைச் சாத்துவதும் முடி விஷயமும் அதற்கு அப்புறம்தான். வலை இழுப்பது கேவலம் என்று அந்தப் பிள்ளையின் வாயில் சோறு போடுகிற தொழிலை வைத்தே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் அவர். அதைவிட, சொல்லச் சொல்ல அவனும் அதை நம்பிவிடுவான்.

கேட்டும் முடியும் அவ்வளவு தெளிவான விஷயங்கள் இல்லை. நேரத்துக்கு வரச் சொல்ல, சீருடை போடச் சொல்ல, முடியை ஒழுங்காக வைக்கச் சொல்லப் பள்ளிக்கு உரிமை உண்டு, அதில் தப்பு காண முடியாது. முடிக்காக ஒரு நாள் பாடத்தைப் பறிப்பது சரியா என்று கேட்டால், என் அனுபவத்தில் சரியில்லை. வகுப்பில் உட்காரவைத்துவிட்டு சாயங்காலம் ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் அதே வேலை நடக்கும். கேட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளி நேரத்தில் வளாகத்துக்கு வெளியே நிற்கிற பையனுக்கு ஒரு வண்டி மோதினால் யார் பொறுப்பு என்று கேட்டாலே பல தலைமையாசிரியர்கள் கேட்டைத் திறந்துவிடுவார்கள். நானே சில பேரிடம் அந்த வழியில் பேசி ஜெயித்திருக்கிறேன். அப்புறம் "அப்பாவைக் கூட்டிட்டு வா." எல்லா ஊரிலும் சாதாரணமான வார்த்தை. இங்கே மட்டும், அந்த அப்பா எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கலாம். அப்படி ஒரு பிள்ளையிடம் தெரியாமல் இதைச் சொல்லிவிட்டு, விஷயம் தெரிந்ததும் ஸ்டாஃப் ரூமில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, ஊர் தெரியாதவர்.

நம் மாவட்டத்தில் கண்டிப்பு என்று பேச்செடுத்தாலே யாராவது கலாமை இழுத்து வந்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரும் சொல்லியிருப்பார். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில், கணக்கு ஆசிரியர் ராமகிருஷ்ண ஐயர் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேறொரு வகுப்புக்குள் கலாம் தெரியாமல் நுழைந்துவிட்டார். ஐயர் கழுத்தைப் பிடித்து எல்லோர் முன்னாலும் பிரம்பால் அடித்தார். பல மாதம் கழித்து கலாம் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியதும், ஐயர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தக் கதையைச் சொல்லி, தன்னிடம் அடி வாங்கியவன் பெரிய ஆளாவான் என்று பெருமைப்பட்டார். கலாமே சொன்ன கதை இது. என் பிரம்புக்குச் சான்றிதழ் மாதிரி இதை நான் எத்தனையோ பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அடி வாங்கி ஜனாதிபதி ஆனவர் ஒருவர் எழுதினார். அடி வாங்கி, நான் கேட்டில் நிறுத்திய அந்தப் பையன் மாதிரி படகுக்குப் போனவர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான்.

கலாம் ராமேஸ்வரத்தில் சின்ன வகுப்பில் படித்தபோது நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சிவசுப்பிரமணிய ஐயர் என்ற அறிவியல் ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் படம் போட்டு விளக்குகிறார். புரிந்ததா என்கிறார். கலாம் புரியவில்லை என்கிறார், இன்னும் பல பையன்களும் அதையே சொல்கிறார்கள். ஐயர் கோபப்படவில்லை, சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவைகளைக் காட்டுகிறார். எனக்கு இதில் பறவையைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தப் "புரியவில்லை". பிரம்பு பிடித்த என் வகுப்பில் பத்து வருடம் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் கணக்கு புரிகிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதே ஐயர் கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஆசாரமான குடும்பம், மனைவி தன் சமையலறையில் வைத்துப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் அழைத்தார், அன்றைக்கு அந்த அம்மாவே உள்ளே கூட்டிப்போய்ப் பரிமாறினார். எந்த விதியை மீற வேண்டும் என்று தெரிந்தவர்தான் விதி வைக்கத் தகுதியானவர் என்று எனக்கு அதற்கப்புறம்தான் தோன்றியது. ஐந்தாம் வகுப்பில் கலாமை, தொப்பி போட்ட பிள்ளை பூணூல் போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று கடைசி வரிசைக்கு அனுப்பிய புது ஆசிரியரும் தன்னளவில் ஒரு விதியைத்தான் நிறைவேற்றினார். பூணூல் போட்ட பிள்ளையின் அப்பா லட்சுமண சாஸ்திரிகள் அவரை வரவழைத்து, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போ என்று சொன்னார். அவர் ராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள், சொன்னால் நடக்கும். நீங்களும் நானும் அந்த மாதிரிப் போய்ப் பேச முடியாது, ஆனால் பெற்றோர் போய்ப் பேசினால் ஆசிரியர் மாறுவார் என்பது நம் ராமேஸ்வரம் தீவிலேயே நடந்த கதை.

கண்டிப்பான ஆசிரியர்களை நான் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்ததிலேயே கண்டிப்பானவர் என்னோடு வேலை பார்த்த ஓர் அறிவியல் டீச்சர். உள்நாட்டிலிருந்து வந்தவர், வந்த முதல் வாரம் உப்புக்காற்றும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல் அழுதார், ஒரு வருடத்தில் மாறுதல் வாங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். பதினோரு வருடம் இருந்தார். வீட்டுப்பாடம் இல்லாமல் அவர் வகுப்பில் யாரும் உட்கார முடியாது, நோட்டு அட்டை போட்டிருக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும். ஒரு பிள்ளையைக் கூடத் தொட்டதில்லை. லேட்டாக வருகிறவனுக்கு அவர் விதி இதுதான்: உடனே உள்ளே வந்து உட்கார், எத்தனை நிமிடம் தவறவிட்டாயோ அத்தனை நிமிடம் சாயங்காலம் இருந்து படித்துவிட்டுப் போ. அவனோடு அவரும் இருப்பார். அதனால் அவருக்கு நாலே முக்கால் பஸ் போய்விடும், அடுத்தது ஆறேகாலுக்கு. பையன்களுக்கு அது தெரியும். டீச்சர் பஸ்ஸை விட்டுவிட்டு நம்மால் உட்கார்ந்திருக்கிறாரே என்று அவர்களே ஓட்டமும் நடையுமாக நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். தண்டனையில் பாதியை அவர் சுமந்தார். ஆசிரியர் லேட்டாக வந்தால் பஸ் பிரச்சினை, பிள்ளை லேட்டாக வந்தால் ஒழுக்கப் பிரச்சினை என்கிற பள்ளியில் எந்தக் கேட்டைச் சாத்தியும் பிரயோசனமில்லை.

அந்த டீச்சரிடம் இன்னொரு பழக்கம். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கோடை விடுமுறை. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். பையன்கள் சும்மா கூடப் போவார்கள், ஒரு நாள் சம்பளம் கிடைக்கும், பிறகு அது பழகிவிடும். ஜூனில் பள்ளி திறக்கிற நாட்களும் தடை முடிந்து படகு கிளம்புகிற நாளும் அடுத்தடுத்து வரும். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை அதிகம் இழந்தது அந்த இரண்டு வாரத்தில்தான். டீச்சர் பள்ளி திறந்த முதல் வாரமே பெயர்ப் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் கடற்கரைக்கு நடப்பார். படகு படகாக நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டொருவர் முகத்துக்கு நேரே திட்டியதும் உண்டு. சில பையன்கள் திரும்ப வந்தார்கள், எல்லோரும் இல்லை. உங்கள் மகனுக்கு வருகிற ஜூன் முக்கியம், அதை இப்போதே உங்கள் வீட்டுக்காரரிடம் பேசி வையுங்கள். விடுமுறையிலும் பள்ளி விட்ட பிறகும் பிள்ளை குடும்பத் தொழிலில் கைகொடுப்பது வேறு. படிப்பு நாளில் விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிக் கரைக்கு அனுப்பிவிட்டு, அவன் முதல் பீரியடில் தூங்குகிறான் என்றால் அதற்குப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது. இதைச் சொல்வதற்கு மன்னியுங்கள், ஆனால் கேட்டுக்கு வெளியே நிற்பதில் பாதி உங்கள் வீட்டிலிருந்தும் தொடங்குகிறது.

ஒன்பதாம் வகுப்பு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018-இல் மத்திய அரசு நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை இரண்டு: விருதுநகரும் ராமநாதபுரமும். அதே ராமநாதபுரம் 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்தில் மூன்றாம் இடம். பெருமையான விஷயம், அதற்குப் பின்னால் ராத்திரி எட்டு மணி வரை வகுப்பெடுத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடுகிற கணக்கு. கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், மேலே இருக்கிற எண்ணைக் கூட்டுவது கஷ்டம், கீழே இருக்கிற எண்ணைக் குறைப்பது சுலபம். தலைமையாசிரியர் கூட்டத்தில் விழுக்காடு கேட்டு நிற்க வைக்கும்போது அந்தச் சபலம் எனக்கும் வந்திருக்கிறது. படிப்பில் பின்தங்கிய பையனை ஒன்பதிலேயே "டி.சி. வாங்கிட்டுப் போங்க, ஐ.டி.ஐ.யில சேருங்க" என்று நயமாக அனுப்பிவிடுவது எங்கும் நடக்கக்கூடியது. உங்கள் பள்ளியில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மகன் எப்படிப் படிக்கிறான் என்று நீங்கள் எழுதவேயில்லை. அவன் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தடுமாறுகிறவனாக இருந்து, கேட்டும் முடியும் சேர்ந்து வந்தால், கவனமாக இருங்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஒன்பதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று தொடங்குகிற எந்தத் தாளிலும் கோபத்திலோ பயத்திலோ கையெழுத்துப் போட வேண்டாம்.

தனியார் பள்ளிக்கு மாற்றுவதைப் பற்றி. எனக்கு விருப்பமில்லை, காரணம் அரசுப் பள்ளி மேல் உள்ள பாசம் மட்டும் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் 2024 முதல் இருக்கிறது, அதற்கும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். ஒன்பதாவதில் மாற்றினால் இதெல்லாம் கையை விட்டுப் போகும். பீஸ் ஒருபுறம், தீவுப் பக்கமிருந்து ராமநாதபுரம் போக அவன் காலை ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஏற வேண்டும். ஒன்பதே காலுக்கே திணறுகிறவன் ஏழு மணிக்கு என்ன செய்வான்? தனியார் பள்ளிகளில் கேட்டு இன்னும் கெட்டியாகத்தான் சாத்துகிறார்கள்.

எதிர்த்து நிற்கக் கூடாத விதிகளும் உண்டு, அவை உங்கள் பள்ளியில் இருந்தால் ஆசிரியர் பக்கம் நில்லுங்கள். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டி வரக் கூடாது என்பது முதலாவது. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. நம் மாவட்டத்தில் அந்தக் கயிறு எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதை அவிழ்க்கச் சொன்ன ஆசிரியரை ஊரே திரண்டு வந்து திட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன், அவர் அசையவில்லை. செல்போன் கொண்டுவரக் கூடாது என்பதும் அப்படித்தான், அதில் விவாதமே வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. காலையில் கேட்டருகே போய்ச் சண்டை போடாதீர்கள், அந்த நேரத்தில் எந்தத் தலைமையாசிரியரும் நிதானமாக இருக்க மாட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போங்கள். ஊர்க்காரர்களைக் கூட்டிப் போக வேண்டாம், நீங்களும் முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரும் போதும். அவர் கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை தோதாக இருக்கும். முதலில் படகு நாளைச் சொல்லுங்கள்: செவ்வாயும் வியாழனும் ஏன் லேட் ஆகிறது, அதைக் குறைக்க வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள், அப்படியும் லேட்டானால் உள்ளே விட்டு சாயங்காலம் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்று. பெற்றோரே தண்டனை கேட்டு வந்தால் எந்த ஆசிரியரும் கொஞ்சம் இளகுவார். அதற்குப் பிறகு, தனியாக, வகுப்பாசிரியர் சொன்ன வார்த்தையைச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். தேதி, பீரியட், சொன்ன வார்த்தை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அதிலும் மாற்றம் இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்களை மாதிரி மனசு கேட்காத அம்மாக்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அதற்கும் மேலே மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். கல்வித் துறையின் உதவி எண் 14417. அடி விழுந்தால் மட்டும் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. வெறும் கண்டிப்புக்கு 1098-ஐ அழைப்பது வேண்டாம். அப்படி ஒரு அழைப்பு போன பள்ளியில் அதற்கப்புறம் எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையையும் ஏன் லேட் என்று கூடக் கேட்காமல் ஒதுங்கிவிட்டார்கள். கேட்க ஆளில்லாத பள்ளியும் பிள்ளையைக் கடலுக்குத்தான் அனுப்பும், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே.

முடியை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை, படகு வந்து மீன் இறக்கி முடித்ததும், வெட்டிவிடச் சொல்லுங்கள். நேர்த்திக்கடனுக்கு வளர்க்கிறான் என்றால் அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். சும்மா ஸ்டைலுக்கு என்றால், அந்தச் சண்டையை நீங்கள் போட வேண்டாம்.